ஜூனி வீட்டில் நாலரை ஆண்டுகள்: குஷிங் செய்தது சரியா?

கேள்வி இதுதான்: "மானிடவியல் பாடத்தில் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் என்பவரைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. 1879இல் அமெரிக்காவின் ஜூனி மக்களிடம் போய்த் தங்கி, அவர்கள் உடையை உடுத்தி, அவர்கள் மொழியைப் பேசி, கடைசியில் அவர்களுடைய பூசாரிகளில் ஒருவராகவே ஆகிவிட்டாராம். சிலர் அவரை முன்னோடி என்கிறார்கள், சிலர் உளவாளி என்கிறார்கள். எது சரி?"

குஷிங் உளவாளி இல்லை. தான் யார், எங்கிருந்து வந்தவன், யார் அனுப்பியது என்பதை அவர் ஜூனிகளிடம் மறைக்கவே இல்லை. "வாஷிங்டன் ஆள்" என்றுதான் அவர்களும் அவரைப் பார்த்தார்கள். முன்னோடி என்பதும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டு சொற்களில் எதை எடுத்தாலும் விஷயத்தின் நடுப்பகுதி தவறிப்போகிறது. அவர் ஜூனி உடை போட்டதும், காது குத்திக்கொண்டதும், தரையில் படுத்ததும் பிரச்சினையே இல்லை. ரகசியத்தைக் காப்பதையே கடமையாகக் கொண்ட ஒரு சபையில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு, அங்கே அறிந்ததை அச்சில் போட்டாரே, அங்கேதான் தவறு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

குஷிங் 1857இல் பென்சில்வேனியாவில் பிறந்து, மேற்கு நியூயார்க்கில் வளர்ந்தவர். குறைமாதக் குழந்தை, உடம்பு எப்போதும் நோஞ்சான். பள்ளிப் படிப்பைவிட வயல்களில் கிடைத்த கல் அம்புமுனைகள்தான் அவரை இழுத்தன. அவற்றை எப்படிச் செய்திருப்பார்கள் என்று தானே கல்லை உடைத்து உடைத்துக் கற்றுக்கொண்டார். எதையும் கையால் செய்து பார்த்து அறிவது என்ற அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. பத்தொன்பது வயதுக்குள் வாஷிங்டனில், அருங்காட்சியகங்களும் ஆய்வும் நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வேலை கிடைத்தது.

1879இல் ஜான் வெஸ்லி பவல் தலைமையில் அமெரிக்க அரசின் இனவியல் பணியகம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டே தென்மேற்குப் பகுதிக்கு ஒரு குழு கிளம்பியது. ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைவர். அவர் மனைவி மட்டில்டா காக்ஸ் ஸ்டீவன்சன், புகைப்படக்காரர் ஜான் ஹில்லர்ஸ், இவர்களோடு இருபத்திரண்டு வயது குஷிங். ஸ்மித்சோனியனின் செயலாளர் ஸ்பென்சர் பேர்ட் அவருக்குத் தந்த உத்தரவு எளிமையானது: இடத்தை நீயே தேர்ந்துகொள், முறையும் உன் விருப்பம், தகவல் வந்தால் போதும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இந்த உத்தரவில் இருக்கிறது என்பது என் எண்ணம். தகவல் வேண்டும் என்றவர்கள், யாரிடம் கேட்டு அதைப் பெறுவது என்று சொல்லவில்லை.

செப்டம்பரில் ஜூனிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைய நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரம், கேலப் நகரத்துக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். மண் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிப்படியாக எழும்பிய ஊர். ஜூனிகள் தங்களை 'அஷிவி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ஊர் அவர்களுக்கு உலகின் நடுவிடம். அவர்கள் மொழிக்கு உறவான வேறொரு மொழியை இன்றுவரை யாரும் ஐயமற நிறுவவில்லை. 1540இலேயே ஸ்பானியப் படையைச் சந்தித்தவர்கள் அவர்கள். வெள்ளைக்காரர்களை முதன்முதலாகப் பார்த்து மிரண்டுபோன காட்டு மக்கள் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படிக்கக் கூடாது. முந்நூறு ஆண்டுகளாக வெளியாட்களைக் கையாண்டு பழகியவர்கள்.

குழு ஊருக்கு வெளியே கூடாரம் போட்டது. வெளியே இருந்தால் ஒன்றும் தெரியாது என்று குஷிங்குக்குப் பட்டது. அவர் செய்ததைக் கவனியுங்கள்: யாரையும் கேட்காமல், தன் சாமான்களை எடுத்துக்கொண்டு ஊர் ஆளுநர் பலோவாட்டிவாவின் வீட்டு அறை ஒன்றில் குடியேறிவிட்டார். ஆளுநர் வந்து பார்த்து, எப்போது வாஷிங்டனுக்குத் திரும்புவாய் என்று கேட்டார். இரண்டு மாதம் என்றார் குஷிங். ஆளுநர் வாயிலிருந்து வந்தது சலிப்பில் வெளிப்படும் ஒரே ஒரு சொல். இதைக் குஷிங்கே எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஸ்டீவன்சன் குழு ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடியின் ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. குஷிங்குக்கு வேண்டிய உணவுப் பொருள் எதுவும் விட்டுப்போகவில்லை. கையில் காசும் இல்லை, சோறும் இல்லை. அப்போது பலோவாட்டிவா சொன்னதன் சாரம் இது: "தம்பி, நீ வாஷிங்டன் ஆளாக இருக்கலாம், ஆனால் பரம ஏழையாக இருக்கிறாயே. நாங்கள் சொல்கிறபடி கேட்டு, ஜூனியாக ஆக மனசு வைத்தாயானால் நீ பணக்காரன். உனக்கு அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாரும் இருப்பார்கள், உலகத்திலேயே நல்ல சாப்பாடு கிடைக்கும். கேட்காவிட்டால் ஏழையாகவே கிடப்பாய்."

இந்தப் பேச்சை நான் பலமுறை படித்திருக்கிறேன். இதில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. "வந்து எங்களை ஆராய்ந்துகொள்" என்று ஆளுநர் அனுமதி தரவில்லை. எங்களில் ஒருவனாக ஆனால் உன்னைக் காப்பாற்றுகிறோம் என்கிறார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குஷிங் இந்த இரண்டாவதை ஏற்றுக்கொண்டு, முதலாவதும் அதோடு சேர்த்துக் கிடைத்ததாக எடுத்துக்கொண்டார்.

அவரை ஜூனியாக்கும் வேலை உடனே தொடங்கியது. தொப்பியும் பூட்ஸும் போயின. தொங்குபடுக்கையை எடுத்துவிட்டு, சதை இறுகட்டும் என்று கல் தரையில் தோலை விரித்துப் படுக்க வைத்தார்கள். அவர்கள் சோற்றைத்தான் தின்ன வேண்டும், அவர்கள் உட்காருகிறபடிதான் உட்கார வேண்டும். பிறகு காது குத்தி, தெனாட்சாலி என்று ஒரு பெயர் வைத்தார்கள். அது ஒரு மருந்துப் பூவின் பெயர். பலோவாட்டிவா அவருக்கு அண்ணன் ஆனார். சில மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர், 1884 வரை நாலரை ஆண்டுகள் இருந்தார்.

முன்னோடி என்று சொல்வது இதற்காகத்தான். களத்தில் தங்கி, மொழி கற்று, கூடவே வாழ்ந்து எழுதும் முறையைப் பாடநூல்கள் மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளரின் பெயரில் வரவு வைக்கின்றன. அவர் டிரோபிரியண்ட் தீவுகளில் இருந்தது முதல் உலகப் போர்க் காலம். குஷிங் அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முந்தியவர். தன் முறைக்குப் பரஸ்பர முறை என்று பொருள்படும் ஒரு பெயரையும் அவர் வைத்திருந்தார். நான் கொடுத்தால் நீ கொடுப்பாய் என்பது அதன் அடிப்படை. அந்தப் பரஸ்பரத்தில் யார் எதைக் கொடுத்தார்கள், யார் கேட்காமல் எடுத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

முதலில் படம் வரைந்த விவகாரம். சடங்கு நடனங்களை வரைவதற்காகக் குஷிங் தாளும் பென்சிலுமாக வீட்டுக்கூரைகளில் போய் நின்றார். மக்களுக்கு அது பிடிக்கவில்லை. வரைந்துகொண்டு போவதால் தங்கள் நிழலின் ஒரு பகுதி போய்விடுகிறது என்று அஞ்சினார்கள். நடனத்தைப் பார்க்கலாம், ஆனால் புத்தகமும் பென்சிலும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். கெஞ்சிப் பார்த்தார்கள். வரைந்தால் தாளைக் கிழித்துப் போடுவோம் என்று எச்சரித்தார்கள். குஷிங் பணியவில்லை, கத்தியைக் காட்டி, தன் புத்தகத்தில் கை வைப்பவர்களை மிரட்டினார்.

அடுத்து நடந்த ஒரு நடனத்தில், கையில் தடியோடு இரண்டு ஆட்டக்காரர்கள், "நவஹோவைக் கொல்லு" என்று கத்திக்கொண்டு அவரை நோக்கி ஏணியில் ஏறி வந்தார்கள். நவஹோக்கள் ஜூனிகளின் பழைய எதிரிகள். குஷிங் பையிலிருந்து வேட்டைக் கத்தியை எடுத்து எல்லாருக்கும் தெரிய ஆட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வரைபுத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். ஆட்டக்காரர்கள் திரும்பிப் போய், அவருக்குப் பதிலாக ஒரு நாயைப் பிடித்து அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு தன்னை மதிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று குஷிங் எழுதுகிறார்.

1882, 1883 ஆண்டுகளில் 'செஞ்சுரி' இதழில் தொடராக வந்த அவருடைய ஜூனி அனுபவங்களில் இது ஒரு வீரசாகசமாக வருகிறது. அமெரிக்க வாசகர்கள் ரசித்துப் படித்தார்கள். வகுப்பறையில் இதைச் சொன்னால் மாணவர்களும் முதலில் அவர் துணிச்சலைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒரு வீட்டில் விருந்தாளியாக இருப்பவன், "எங்கள் சாமி காரியத்தைப் படம் எடுக்காதே" என்று வீட்டுக்காரர்கள் சொன்னபோது கத்தியைக் காட்டினான் என்று இதையே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் பின்னால் அமெரிக்க ராணுவமும் அரசும் இருப்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாஷிங்டன் ஆளைக் கொன்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

"அந்தக் காலத்து மனிதரை இந்தக் காலத்து விதிகளால் அளக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க மானிடவியல் சங்கம் ஆய்வாளரின் பொறுப்புகளைப் பற்றிய கொள்கைகளை ஏற்றதே 1971இல்தான். ஒப்புதல் பெற வேண்டும், தீங்கு செய்யக் கூடாது என்பவை 1879இல் எழுதப்பட்ட விதிகளாக இல்லை. அந்த அளவுக்கு வாதம் நியாயமானது. ஆனால் ஜூனிகள் அன்றே, அவர் முகத்துக்கு நேராக, வேண்டாம் என்றார்கள். அதை அவர் புரிந்துகொண்டார் என்பதற்கு அவர் எழுத்தே சாட்சி. நூறு வருஷம் கழித்து நாம் கண்டுபிடித்து அவர்மேல் சுமத்திய குற்றம் இல்லை இது. அந்த ஊரின் விதியைக்கொண்டு, அந்தக் காலத்திலேயே, அந்த ஊர்க்காரர்கள் சொன்ன ஆட்சேபம்.

இனி வில் பூசாரிகள் சபை. இதைப் புரிந்துகொள்ள, ஜூனிகளிடம் அறிவு எப்படிப் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். எல்லாருக்கும் எல்லாம் தெரியலாம் என்ற எண்ணம் அங்கே இல்லை. குலங்கள், கிவா எனப்படும் சடங்கு அறைக் குழுக்கள், மருத்துவச் சபைகள், மழைக்கான குருமார் என்று ஒவ்வொரு பிரிவும் தனக்குரிய பாட்டு, கதை, சடங்கு, பொருளைக் காக்கிறது. அறிவு ஒருவரிடம் வருகிறது என்றால் அதோடு பொறுப்பும் வருகிறது. உரிய தீட்சை இல்லாதவன் கையில் போனால் அது வீணாவதோடு நிற்காது, தீங்கும் செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. வேதம் ஓதுவதற்கும், சில கோயில்களின் கருவறைக்குள் நுழைவதற்கும் யாருக்கு உரிமை என்று நம் ஊரிலும் சண்டைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அதை இதோடு ஒப்பிட்டால் குழம்பிவிடுவோம். அங்கே கேள்வி சாதியில் மேல் கீழ் பற்றியது இல்லை. வேலைப் பகிர்வு பற்றியது. மழைக் குருவுக்கும் கூட மற்றச் சபையின் ரகசியம் தெரியாது.

வில் பூசாரிகள் இந்த ஏற்பாட்டின் காவலர்கள். போர்த் தெய்வங்களின் மண்ணுலகப் பிரதிநிதிகள் அவர்கள். ஊரைப் பகைவரிடமிருந்து காப்பதும், சூனியக்காரர் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரிப்பதும், சடங்கு ரகசியம் வெளியே கசியாமல் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. அந்தச் சபையில் சேர எதிரியின் தலைத்தோல் ஒன்று கொண்டுவர வேண்டும். குஷிங் அதற்கும் ஒரு வழி செய்துகொண்டார். 1881இல் தீட்சை பெற்றார். அதற்குப் பிறகு கடிதங்களில் ஜூனியின் முதல் போர்த்தலைவர் என்றும் அமெரிக்க அரசின் துணை இனவியலாளர் என்றும் இரண்டு பதவிகளையும் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

அந்த ஒரு கையெழுத்தில் அவருடைய முழுச் சிக்கலும் இருக்கிறது. முதல் பதவி ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இரண்டாவது பதவி அதே ரகசியத்தை எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறது.

ஜூனிகள் ஏன் அவரைச் சேர்த்தார்கள் என்ற கேள்வி இங்கே வரும். ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்வது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. பலோவாட்டிவாவின் தந்தை பெட்ரோ பினோ பல ஆண்டுகள் ஆளுநராக இருந்து அமெரிக்க அதிகாரிகளோடு பேச்சு நடத்தியவர். ஆவணங்களின் மதிப்பு அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த, ஜூனி மொழி பேசுகிற, குடும்ப உறவுக்குள் கட்டிப்போடப்பட்ட ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குத் தேவை. போர்த்தலைவன் என்றால் ஊருக்காகச் சண்டை போட வேண்டும். அவருக்குப் பதவி கொடுத்து, அந்தக் கடமையை அவர் தோளில் ஏற்றினார்கள்.

அந்தக் கடமையை அவர் செய்தார். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவது நியாயம் இல்லை. 1882இல் பலோவாட்டிவா, பெட்ரோ பினோ, மூத்த வில் பூசாரி நையூச்சி உள்ளிட்டோரைக் கிழக்கே அழைத்துப் போனார். வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தரைச் சந்தித்தார்கள். ஆனால் அவர்கள் பயணத்தின் உண்மையான நோக்கம் வேறு. சூரியன் உதிக்கிற கடலின் நீர் அவர்கள் சடங்குக்கு வேண்டும். பாஸ்டன் துறைமுகத்தில் டியர் தீவின் கரையில், மார்ச் மாதக் குளிரில், அட்லாண்டிக் கடலைப் பார்த்து நின்று பிரார்த்தித்து, சுரைக்குடுவைகளில் நீர் முகந்தார்கள். அலை காலை நனைத்தபோதும் பின்வாங்கவில்லை. கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அந்தப் பெரியவர்களுக்கு அது வாழ்நாள் பயணம். அவர்கள் கேட்டது குஷிங்கால் நிறைவேறியது.

அதைவிடப் பெரியது நியூட்ரியா நிலம். 1877இல் குடியரசுத் தலைவர் ஹேஸின் ஆணை ஜூனிகளுக்கு ஒரு ஒதுக்கீட்டு நிலத்தை வரையறுத்தபோது, எல்லை விவரிப்பில் நேர்ந்த பிழையால் நியூட்ரியா ஊற்றும் அதை நம்பிய விளைநிலங்களும் வெளியே போய்விட்டன. வறண்ட நாட்டில் ஊற்று போனால் ஊர் போன மாதிரி. இல்லினாய் செனட்டர் ஜான் லோகனின் மருமகனும் கூட்டாளிகளும் அந்த இடைவெளியைக் கண்டு நிலத்துக்கு உரிமை கோரினார்கள். லோகன் சாதாரண ஆள் இல்லை. உள்நாட்டுப் போர்த் தளபதி, 1884இல் குடியரசுக் கட்சியின் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளர். குஷிங் எதிர்த்து நின்றார். தனக்குத் தெரிந்த பத்திரிகையாளர்கள் வழியாக விஷயம் செய்தித்தாள்களுக்குப் போனது. லோகன் குஷிங்கை அச்சில் ஏசினார். 1883 மே மாதம் ஆர்தர் எல்லையைத் திருத்தி ஆணையிட்டார். நியூட்ரியா இன்றும் ஜூனி நிலம்.

குஷிங் கொடுத்த விலை அவருடைய வேலை. இனவியல் பணியகத்துக்கு நிதி கொடுப்பது நாடாளுமன்றம். ஒரு செனட்டரைப் பகைத்துக்கொண்டு பவலால் அவரை அங்கே வைத்திருக்க முடியவில்லை. 1884இல் திருப்பி அழைக்கப்பட்டார். அதற்குப் பிறகு தொல்லியல் பயணங்கள் சிலவற்றை நடத்தினார், நோயோடு மல்லாடினார், 1900இல் மீன்முள் தொண்டையில் சிக்கி நாற்பத்திரண்டு வயதில் இறந்தார்.

மட்டில்டா ஸ்டீவன்சனுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஜூனி உடையில் இருக்கும் அவர் படத்தின் பின்னால், தான் அறிந்த ஆட்களிலேயே பெரிய முட்டாளும் போலியும் இவர்தான் என்று எழுதி வைத்தார். தாமஸ் ஈக்கின்ஸ் 1895இல் வரைந்த பெரிய ஓவியத்திலும் அவர் அதே உடையில்தான் நிற்கிறார். அன்றைய வெள்ளைக்காரர்களின் விமர்சனம் பெரும்பாலும் இந்த வேஷத்தைப் பற்றியது. என்னைக் கேட்டால் அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை; உடுத்தச் சொன்னவர்களே ஜூனிகள்தான். மட்டில்டா ஸ்டீவன்சனும் சும்மா இல்லை. தடுக்கப்பட்ட இடங்களில் வற்புறுத்தி நுழைந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1904இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல், குஷிங் எழுதியதைவிட அதிகச் சடங்கு விவரங்களை வெளியே கொட்டியது.

சரி, குஷிங் எழுதியதற்கு வருவோம். அவருடைய நூல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1884, 85இல் 'மில்ஸ்டோன்' என்ற மாவுமில் தொழில் இதழில் ஜூனிகளின் உணவைப் பற்றி ஒரு தொடர் எழுதினார். சோளம் எப்படி விதைக்கிறார்கள், பெண்கள் அம்மியில் எப்படி வரிசையாக உட்கார்ந்து அரைக்கிறார்கள், சூடான கல்லில் தாள் மாதிரி மெல்லிய ரொட்டியை வெறுங்கையால் எப்படி வார்க்கிறார்கள், விருந்தாளியை எப்படி உபசரிக்கிறார்கள், எல்லாம் இருக்கிறது. அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த வீட்டில் நாலரை வருஷம் சாப்பிட்ட ஒருவரால் மட்டுமே எழுத முடிந்த எழுத்து. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயங்களே அதில் பெரும்பாலும். கூடவே வாழ்வதன் நன்மையை முழுசாகக் காட்டுவது அது.

சிறு கல் உருவங்களாக வேட்டைக்காரர்களும் பூசாரிகளும் வைத்திருந்த காவல் விலங்குகளைப் பற்றி 1883இல் வந்த அறிக்கையும், 1896இல் வந்த படைப்புக் கதைகளும் அப்படிப்பட்டவை இல்லை. அவற்றில் உள்ள பிரார்த்தனைகளும் கதைகளும் குறிப்பிட்ட சபைகளுக்குரியவை. வில் பூசாரி என்ற முறையில் அவர் காதில் விழுந்தவை. அரசாங்க அச்சகம் அவற்றை அச்சிட்டு நாடெங்கும் நூலகங்களுக்கு அனுப்பியது.

இதற்கு அன்று சொல்லப்பட்ட நியாயம், இந்த மக்கள் அழிந்துகொண்டிருக்கிறார்கள், இப்போதே எழுதி வைக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்பது. பணியகமே அந்த எண்ணத்தில் நடந்தது. ஆனால் ஜூனிகள் அழியவில்லை. குஷிங் காலத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேராக இருந்தவர்கள் இன்று பத்தாயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். மொழி பேசப்படுகிறது. குளிர்காலத்தில், ஷாலகோ என்ற தெய்வத் தூதர்களின் பெரிய உருவங்கள் ஆடும் ஷாலகோ விழா நடக்கிறது. "அழியப்போகிறவர்கள்" என்று முடிவு கட்டிவிட்டால் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிய அவசியம் குறைந்துபோகிறது. அந்த வாதம் இவ்வளவு வசதியாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அச்சில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1950களில் கொலராடோவின் லா ஹண்டா ஊரில், கோஷாரே என்ற பெயர் கொண்ட சாரணர் சிறுவர் குழு, ஷாலகோ உருவங்களை ஆராய்ந்து தாங்களே செய்து ஆடத் தொடங்கியது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ரொம்ப அக்கறையாகவே செய்தார்கள். ஜூனியிலிருந்து பெரியவர்கள் போய்ப் பார்த்தார்கள். இவை பொம்மை இல்லை, உண்மையானவையே என்று அவர்களுக்குப் பட்டது. சிறுவர்கள் அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு எடுத்துவந்து கிவாவில் வைத்தார்கள். அறிவு எங்கே இருந்தாலும் அதற்குச் சக்தி உண்டு, தெரியாத கையில் இருந்தால் ஆபத்தும் உண்டு என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பொருள்களின் கதையும் இதோடு ஒட்டியது. 1879 முதலான ஆண்டுகளில் ஸ்மித்சோனியன் ஆட்கள் ஜூனியிலிருந்து ஆயிரக்கணக்கான பொருள்களை வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். பானைகளும் கூடைகளும் பெரும்பாலும் விலைக்கோ பண்டமாற்றுக்கோ வாங்கியவை. ஆனால் சாமிப் பொருள்கள் வேறு. அஹாயுதா என்பவை இரட்டைப் போர்த் தெய்வங்களின் மர உருவங்கள். மான் குலமும் கரடிக் குலமும் செதுக்கி, வில் பூசாரிகள் மலைமேல் உள்ள திறந்தவெளிக் கோயிலில் வைப்பார்கள். வெயிலிலும் மழையிலும் மெல்ல மக்கி மண்ணோடு போக வேண்டும். அப்படிப் போகும்போதுதான் அவற்றின் சக்தி ஊரையும் உலகையும் காக்கும். ஊர் முழுதுக்கும் பொதுவானவை என்பதால் யாரும் தனியாக விற்க முடியாது. அதனால் ஊருக்கு வெளியே இருக்கிற ஒவ்வொன்றும் திருடப்பட்டது என்பது ஜூனிகளின் வாதம்.

1978இல் அவர்கள் அந்த வாதத்தோடு அருங்காட்சியகங்களின் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். 1980இல் டென்வர் கலை அருங்காட்சியகம் திருப்பிக் கொடுத்தது. 1987இல் ஸ்மித்சோனியன் கொடுத்தது. பூர்வகுடிகளின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் திருப்பித் தரக் கோரும் கூட்டாட்சிச் சட்டம் 1990இல்தான் வந்தது. ஜூனிகள் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தி, வழக்குக்குப் போவதைவிடப் பொறுமையான பேச்சையே நம்பி அதைத் தொடங்கியிருந்தார்கள். 1990களின் தொடக்கத்துக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட அஹாயுதாக்கள் ஊர் திரும்பின. திரும்பியவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. வெயிலும் மழையும் படும்படி, திருடர் கை படாதபடி பாதுகாப்பான கோயில் கட்டி அங்கே வைத்தார்கள். மக்கட்டும் என்று.

இந்தக் கதையில் ஜூனிகளே குஷிங்கைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? ஒரே குரலாக இல்லை. எட்மண்ட் லாட் என்ற ஜூனிக்காரர் தாமே மானிடவியலாளர். சாண்டா ஃபேயில் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்தார். குஷிங் பற்றி ஜூனிப் பார்வையிலிருந்து எழுதினார். ஃபில் ஹியூட்டி என்ற ஜூனி ஓவியர் 1994இல் குஷிங்கின் வாழ்க்கையைத் தொடர் கேலிச்சித்திரங்களாக ஒரு புத்தகம் போட்டார். அந்தப் படங்களில் கோபம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, கொஞ்சம் பிரியமும் இருக்கிறது. ஊரைப் படம் வரைந்தவரை நூறு வருஷம் கழித்து ஊர்க்காரர் ஒருவர் உட்கார வைத்து வரைந்திருக்கிறார். நம் நாட்டிலிருந்து போன திரிலோகி நாத் பாண்டே என்ற மானிடவியலாளர் 1960களில் ஜூனியில் களப்பணி செய்து, தங்கள் ஊருக்கு வந்த ஆய்வாளர்களை ஜூனிகள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். படிக்கக் கிடைத்தால் விடாதீர்கள். ஆராயப்பட்டவர்களின் கண்ணில் ஆராய்ந்தவர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்று கேட்கத் துணிந்த ஆரம்பகால எழுத்துகளில் அது ஒன்று.

ஆகவே உங்கள் கேள்விக்குத் திரும்பினால், கணக்கு இப்படித்தான் நிற்கிறது. குஷிங்குக்கு ஜூனிகள் கொடுத்தது உறவு. அந்த உறவுக்கு இரண்டு கடமைகள் இருந்தன. ஊரின் நிலத்தையும் நீரையும் காப்பது ஒன்று. அதைத் தன் பிழைப்பே போகிற அளவுக்குச் செய்தார். ஊரின் ரகசியத்தைக் காப்பது இன்னொன்று, அதைச் செய்யவில்லை. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டாது. "ரொம்ப நெருங்கிப் போனதுதான் அவர் தவறு, தள்ளி நின்று ஆராய்ந்திருக்க வேண்டும்" என்று சில பாடநூல்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தள்ளி நின்றவர்களும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள், நியூட்ரியாவுக்காக வாய் திறக்கவும் இல்லை. நெருங்கிப் போகிறவர் கூடுதலாகக் கடன்படுகிறார் என்பதுதான் இதில் இருக்கிற விஷயம். அண்ணன் என்று கூப்பிட்டவரின் வீட்டு விஷயத்தை எழுதும்போது, அந்நியனுக்குத் தேவைப்படாத ஓர் அனுமதி தம்பிக்குத் தேவைப்படுகிறது.

நீங்கள் மாணவர் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். குஷிங்கின் எழுத்தை மேற்கோள் காட்டும்போது, அது சமையலறையில் கிடைத்ததா, சபையில் கிடைத்ததா என்று முதலில் பாருங்கள். சபையில் கிடைத்தது என்றால், அதை மறுபடியும் அச்சில் ஏற்றாமலே உங்கள் வாதத்தைச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும். ஜூனி ஊரில் 1992இல் மக்களே தொடங்கிய 'அஷிவி அவன்' அருங்காட்சியகம் இப்படித்தான் வேலை செய்தது. ஸ்மித்சோனியனிலிருந்து பழைய புகைப்படங்களின் பிரதிகள் வந்தபோது, சடங்குப் படங்களைத் தனியே பிரித்து, பொதுப் பார்வைக்கு வைக்காமல் விட்டார்கள்.

இன்னும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. எட்வர்ட் டைலர் 1884இல் ஜூனிக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற மானிடவியலாளர். குஷிங் தன் கையாலேயே ஓர் அஹாயுதாவைச் செய்து அவருக்குக் கொடுத்தார். சிறுவயதில் அம்புமுனை செய்து பழகிய அதே கை. அந்த உருவம் ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதை அருங்காட்சியகக்காரர்கள் நகல் என்பார்கள். செய்தவர் தீட்சை பெற்ற வில் பூசாரி. என்ன மரம், என்ன குறி, எதை எங்கே கட்டுவது என்று ஜூனிகள் நம்பிச் சொல்லிக்கொடுத்த அறிவு அதற்குள் இருக்கிறது. லா ஹண்டா சிறுவர்கள் செய்ததையே உண்மையானது என்று ஊருக்கு எடுத்துப் போனவர்கள், இதை எப்படி நகல் என்று ஒப்புக்கொள்வார்கள்?